செட்டுப் போட்டுக் கொடுக்கும் தம்பிமார்களுக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து கொடுக்கும் மெக்கானிக் தம்பிமார்களே,

தீபாவளி போனஸ் கைக்கு வரும் காலம் நெருங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பையன்கள் என்று பலரும் உங்கள் கடைப்படி ஏறுவார்கள். “வீட்ல ஹோம் தியேட்டர் இருக்குண்ணே, சவுண்டு பத்தல, தனியா ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் போட்டுக் குடுங்க” என்பார்கள். அடுத்த கேள்வி, எத்தனை வாட் என்பது. நீங்கள் ஒரு எண்ணைச் சொல்வீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் அவர்கள் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். வால்வு ரேடியோ காலத்தின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்து, டேப், டெக், மைக்செட் எல்லாம் பிரித்துப் பார்த்தவன் என்ற உரிமையில் அந்த எண்ணைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் விற்கும் பெட்டிகளின் முகப்பில் 1000 வாட், 2000 வாட், 5000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில் பிஎம்பிஓ. இந்தப் பிஎம்பிஓ-வை அளப்பதற்கு உலகத்தில் எங்கும் ஒரு பொது விதி கிடையாது. அச்சடிக்கிறவன் மனதில் தோன்றியதுதான் கணக்கு. உங்களுக்கு இது தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நம் தொழிலின் நாணயம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் அதிகம் போடும் செட்டையே எடுத்துக்கொள்வோம். 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். அதன் மொத்தத் திறன் 48-ஐ 5-ஆல் பெருக்கினால் 240 விஏ. பிரிட்ஜ் தாண்டி கண்டென்சரில் நிற்பது பிளஸ் 34 வோல்ட், மைனஸ் 34 வோல்ட். பாரம் ஏறியதும் அது 30-க்கு இறங்கும். டிரான்சிஸ்டர் தன் பங்குக்கு இரண்டு மூன்று வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 27 வோல்ட் உச்சம். 27-ஐ அதே எண்ணால் பெருக்கி 16-ஆல் வகுத்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் 45 வாட். அதுவும் ஒரு சேனல் மட்டும் முழுமூச்சாக ஓடும்போது. ஐந்து சேனலும் சேர்ந்து ஓடினால் 225 வாட் வெளியே போக வேண்டும். ஏபி வகை போர்டு தான் வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மற்றதெல்லாம் ஹீட் சிங்கில் சூடாகப் போய்விடும். ஆகவே 225 வாட் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மர் 375 விஏ-வுக்கு மேல் தர வேண்டும். இருப்பது 240. கணக்கு அங்கேயே முடிந்தது. ஐந்து சேனலுக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு 30 வாட் கூட நிலையாகக் கிடைக்காது. முகப்பிலோ 1000 வாட்.

30 வாட் கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் வீட்டுப் பட்டாசலுக்கு உண்மையான 30 வாட் தாராளம். எத்தனை தாராளம் என்பதை வாங்க வருகிறவருக்கு விளக்கிச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தால் ஸ்டிக்கரே தேவைப்படாது.

விளக்குவதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. கொடை நாளில் ஊர்க்கோடிப் புளியமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு உள்ளே இருக்கும் யூனிட் 30 வாட்தான். ஆனாலும் வெட்டவெளிக் கரிசலில் அடுத்த ஊர் வரைக்கும் பாட்டுக் கேட்கும். காரணம் அதன் உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் குழாய் ஸ்பீக்கர் 105 டெசிபலுக்கு மேல் தரும். வீட்டில் வைக்கும் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் 86 அல்லது 88 டெசிபல் தரும். டெசிபலில் 20 வித்தியாசம் என்றால் வாட்டில் நூறு மடங்கு. ஆகவே ஒருவர் ஸ்பீக்கரை மாற்றி உணர்திறனில் 3 டெசிபல் கூடினால், அது ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் காதுக்குச் சத்தம் கொஞ்சம் கூடியதாகத்தான் படும். இரண்டு பங்கு சத்தம் என்று மனது ஒப்புக்கொள்ள வாட் பத்து மடங்கு ஏற வேண்டும். 50 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்குகிறவர் என்ன எதிர்பார்த்து வருகிறார், வீட்டில் என்ன கேட்கப் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

சினிமா தியேட்டருக்கு ஒலியமைப்பு செய்கிறவர்கள் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு. சராசரி 85 டெசிபல், அதற்கு மேல் வெடி, இடி போன்ற உச்சங்களுக்கு 20 டெசிபல் இடம். ஆக ஒரு முன் ஸ்பீக்கரிலிருந்து உட்காரும் இடத்தில் 105 டெசிபல் வர வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கரை வைத்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், தூரத்தால் போகும் இழப்பையும் சுவர்கள் திருப்பித் தரும் ஆதாயத்தையும் கணக்கிட்டு, அந்த உச்சத்துக்கு ஏறத்தாழ 225 வாட் வேண்டும். ஆனால் வீட்டில் யாரும் தியேட்டர் அளவுக்கு வைத்துக் கேட்பதில்லை. குழந்தை தூங்கும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிப்பார்கள். 10 டெசிபல் குறைத்துக் கேட்டால் அதே உச்சத்துக்கு 22 வாட் போதும். முன்னது தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டிய வீடு, பின்னது வேண்டாத வீடு. உங்கள் கடைக்கு வருகிறவர் இதில் எந்த வீடு என்று தெரியாமல் எப்படி எண் சொல்கிறீர்கள்?

முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியோடு சேர்த்து விற்கும் ஹோம் தியேட்டராக இருந்தால் 3 ஓம், 4 ஓம் என்று போட்டிருக்கும். உள்ளே உள்ளங்கை அகலக் கோன். அதற்குத் தனி பவர் ஆம்ப்ளிஃபயர் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. சத்தம் கூடுமுன் கோன் கிழியும். அவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள், அல்லது நல்ல ஸ்பீக்கர் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். 8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர்கூட எல்லாச் சுருதியிலும் 8 ஓமில் நிற்பதில்லை. சில இடங்களில் 4, 5 ஓமுக்கு இறங்கும். அங்கே ஆம்ப்ளிஃபயர் கிட்டத்தட்ட இரண்டு பங்கு கரண்ட் தர வேண்டும். ரிசீவர் திணறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தனி ஆம்ப்ளிஃபயரின் நியாயமான தேவையும் அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது ரிசீவரின் முதுகு. ப்ரீ அவுட் இருக்கிறதா? குறைந்த விலை ரிசீவர்களில் பெரும்பாலும் சப் ஊஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். முன் ஸ்பீக்கர்களுக்கு ப்ரீ அவுட் இல்லாத ரிசீவரை வைத்துக்கொண்டு பவர் ஆம்ப்ளிஃபயர் கேட்கிறவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கர் முனையிலிருந்து ரெசிஸ்டர் போட்டு இறக்கிக் கொடுக்கும் கைவேலையை நீங்கள் செய்வீர்கள் என்று தெரியும். ரிசீவரின் இரைச்சலும் திணறலும் அதோடு சேர்ந்தே வந்து பெரிய ஆம்ப்ளிஃபயரில் இன்னும் பெரிதாகக் கேட்கும். செய்யாதீர்கள்.

ப்ரீ அவுட் இருந்து, பணம் குறைவாக இருந்தால், என் யோசனை ஒன்று உண்டு. பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தனக்கென்று ஆம்ப்ளிஃபயர் உள்ள ஒரு சப் ஊஃபர் வாங்கச் சொல்லுங்கள். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டால், அதிகக் கரண்ட் கேட்கும் அடிச்சத்தம் முழுக்க சப் ஊஃபருக்குப் போய்விடும். ரிசீவரின் மேல் இருக்கும் பாரம் இறங்கும். “பத்தல” என்று வந்தவர்களில் பலர் அதற்குப் பிறகு பவர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஒரு வியாபாரம் போனதே என்று நினைக்க வேண்டாம். அந்த ஆள் தன் மச்சினனையும் பக்கத்து வீட்டுக்காரரையும் உங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் மூன்று சேனல் போடுங்கள். ஏழு சேனல் வேண்டாம். முன்பக்கம் இடம், வலம், நடு. படத்தில் வரும் பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அந்த மூன்றையும் தனி ஆம்ப்ளிஃபயர் சுமந்தால், பின்பக்க ஸ்பீக்கர்களை ரிசீவரே நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளும். ரிசீவர் அட்டையில் ‘ஒவ்வொரு சேனலுக்கும் 100 வாட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. எல்லாவற்றையும் ஓட்டினால் எவ்வளவு என்று கேட்டால் அந்த அட்டை வாய் திறக்காது. கம்பெனிக்காரர்களும் இந்த விஷயத்தில் நமக்கு அவ்வளவாக மேலானவர்கள் இல்லை.

மைக்செட் வைத்திருக்கும் தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொடைக்கும் கல்யாணத்துக்கும் போகும் அகுஜா ஆம்ப்ளிஃபயர் உழைப்பில் சிங்கம். வேலை இல்லாத மாதத்தில் அதை வீட்டு ஸ்பீக்கரோடு இணைத்துப் படம் பார்க்கும் ஆசை வரும். அதன் பின்பக்கத்தில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். அது நீண்ட தூரம் வயர் இழுத்து, ஒவ்வொரு குழாய்க்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கேட்பதற்கானது. 8 ஓம் வீட்டு ஸ்பீக்கரை நேராக அதில் கொடுத்தால் ஒரே பாட்டில் கதை முடிந்துவிடும். மேடைக்கு என்று வரும் பெரிய பவர் ஆம்ப்ளிஃபயர்களில் வேறு சங்கடம்: உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். திடலில் அது காதில் விழாது. ராத்திரி பத்து மணிக்கு, படத்தில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசும் இடத்தில் அந்த ஃபேன்தான் கேட்கும்.

இப்போது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். எரிந்த ஊஃபர்கள்.

ஒரு ஊஃபரின் நடுமூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துப் பாருங்கள். வாய்ஸ் காயிலின் வார்னிஷ் கருகி, காகிதச் சுற்று பொரிந்து, கோன் ஒரே பக்கமாக முன்னே தள்ளி நின்றுபோயிருந்தால், அது சத்தமாகப் பாட்டு வைத்ததால் எரிந்தது இல்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, சப்ளையில் இருந்த 34 வோல்ட் டிசி அப்படியே காயிலுக்குள் இறங்கியிருக்கிறது. 8 ஓமில் 34 வோல்ட் என்றால் 140 வாட்டுக்கு மேல் சூடு, நிற்காமல். கோன் அசையாது, காற்றுப் போகாது, சில விநாடியில் புகை வரும். வாங்கியவர் “அதிகமா வச்சிட்டோம் போல” என்று தன்னையே நொந்துகொள்வார். இதைத் தடுக்க ஒரு புரொடெக்‌ஷன் போர்டு போதும். யுபிசி1237 ஐசி, ஒரு நல்ல ரிலே, சில உதிரிகள். அவுட்புட்டில் டிசி வந்த கணத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிடும். கரண்ட் வந்ததும் மூன்று நான்கு விநாடி பொறுத்துத்தான் ஸ்பீக்கரைச் சேர்க்கும். நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் ‘டமார்’ என்று ஒரு அடி விழுகிறதே, அதுவும் நின்றுவிடும். இந்தப் போர்டை விட்டுவிட்டு, அதே காசில் முகப்பில் ஓடும் நீல விளக்கு வைத்துக் கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது? கேட்கிறவர் விளக்கைத்தான் கேட்கிறார் என்பீர்கள். ரிலேயைக் கேட்க அவருக்குத் தெரியாது, அதனால்தான் அவர் மெக்கானிக்கிடம் வருகிறார்.

ட்வீட்டர் எரிவது வேறு கதை. சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரை திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேல்சுருதிச் சத்து கூடி, அது ட்வீட்டரில் போய் இறங்கும். வாட் குறைவான ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் ஆர்எம்எஸ் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, திணறாமல் தரும் ஆம்ப்ளிஃபயரும் அடக்கமான கையும் சேர்ந்தால் ஸ்பீக்கர் பல வருஷம் இருக்கும்.

டிரான்சிஸ்டர் வாங்கும்போதும் கவனம். 5200, 1943 ஜோடியில் போலிகள் மலிந்துவிட்டன. டோஷிபா என்று மேலே அச்சு இருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு மிகச் சிறியதாக இருக்கும். 35-0-35 போடுகிறவர்கள் ஃபில்டர் கண்டென்சரைக் கவனியுங்கள். 230 வோல்ட் வரும்போது அங்கே 49 வோல்ட் நிற்கிறது என்று 50 வோல்ட் கண்டென்சர் போட்டுவிடுகிறீர்கள். மோட்டார் எல்லாம் நின்ற பிறகு ராத்திரி லைனில் 250 வந்தால் அங்கே 54 நிற்கும். 63 வோல்ட் போடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம். டிரான்ஸ்ஃபார்மரில் செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றி வருவதும் நடக்கிறது. அதே கரண்டுக்கு அலுமினியக் கம்பி இன்னும் தடிமனாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், சித்திரை வெயிலில் ஷோகேஸ் கண்ணாடிக்குள் பூட்டி வைத்த பெட்டி மதியத்திலேயே கை வைக்க முடியாமல் கொதிக்கும். டி வகை போர்டில் சூடு குறைவு, பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்கே போய்விடும். நல்ல சப்ளையோடு நல்ல போர்டு கிடைத்தால் நம் வெயிலுக்கு அதுதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கர் வயரைப் பற்றி ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 அல்லது 2.5 செம்பு வயர் போதும். விலை உயர்ந்த வயரை யார் தலையிலும் கட்டாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் மண்ணில் அதைக் கெடுக்க ஒன்று காத்திருக்கிறது. எர்த்.

கரிசல் ஈரமாக இருக்கும்போது எர்த்துக்கு அதைப் போல நல்ல மண் அபூர்வம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கரண்டை எளிதாக விடும். எர்த் குழியில் கொட்ட விலைக்கு விற்கிறார்களே பெண்டோனைட், அதில் இருப்பதும் நம் கரிசலில் இருப்பதும் ஒரே குடும்பத்துக் களிமண்தான். ஐப்பசி, கார்த்திகையில் அளந்தால் எந்த வீட்டிலும் குறை தெரியாது. வைகாசியில் போய்ப் பாருங்கள். காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது போலவே வீட்டுக் கொல்லையிலும் வெடிப்பு ஓடியிருக்கும். எர்த் குழாயைச் சுற்றி மண் விலகி, விரலை விட்டால் இரண்டாவது கணு வரை இறங்கும். குழாய் அங்கே எதையும் தொடாமல் நிற்கிறது. காண்ட்ராக்டர் மூன்றடிக் குழாயோடு முடித்திருந்தால், அந்த வீட்டுக்குக் கோடை முழுக்க எர்த் என்பதே கிடையாது.

அதே நேரத்தில் பெட்டியில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறது என்று புகார் வரும். கேபிள் டிவி வயரோ டிஷ் வயரோ வேறு ஓர் இடத்தில் எர்த் ஆகி உள்ளே வரும். ஆம்ப்ளிஃபயர் ஓர் எர்த்தில், ரிசீவர் இன்னொரு பாதையில். இரண்டுக்கும் இடையே ஆர்சிஏ வயரின் ஷீல்டு வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். மெக்கானிக் போவார், மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவார் அல்லது வயரை வெட்டிவிடுவார். இரைச்சல் நின்றுவிடும். வீட்டுக்காரர் டீ கொடுத்து அனுப்புவார்.

தம்பிமாரே, இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பின்னை வெட்டாதீர்கள். தகரப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி என்றாவது ஒருநாள் பாடியைத் தொட்டால், 230 வோல்ட் அந்த முகப்பில் வந்து உட்காரும். ஈரக்கையோடு வால்யூமைக் குறைக்கப் போவது பெரும்பாலும் அம்மாவாக இருப்பாள், இல்லாவிட்டால் பிள்ளையாக இருக்கும். இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் குற்றவாளி அதுதான், அந்த வயருக்கு ஐசொலேட்டர் போடுங்கள். டிவி, ரிசீவர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பலகைக்குக் கொண்டு வாருங்கள். அப்படியும் வந்தால் ஆர்சிஏ வயரின் நடுவே சிக்னல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் இருந்தால் அந்த வயரைப் போடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் எர்த்தின் மேல் பழி இல்லை. சைன் அலை இன்வெர்ட்டரில் அது போய்விடும்.

எர்த் குழியைச் சரிசெய்யவும் உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஐஎஸ் 3043 சொல்வது 2.5 மீட்டர் குழாய், அதாவது எட்டடி. வெடிப்பு எட்டாத ஆழத்தில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், குழாய் அங்கே போய்ச் சேர வேண்டும். துணி துவைக்கும் தண்ணீர் போகும் பக்கமாகக் குழி எடுத்தால் வைகாசியிலும் காயாது. இல்லாவிட்டால் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டாவது அதைப் போடச் சொல்லுங்கள். ஐப்பசி இடியின்போது பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்தே கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வழியாக வந்த மின்னலில் ரிசீவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அறையைப் பற்றிக் கொஞ்சம். நம் வீட்டுப் பட்டாசலில் கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் வெறும் சுவர். கை தட்டினால் சத்தம் நாலு தடவை திரும்பி வரும். அங்கே பேச்சுப் புரியவில்லை என்று வருகிறவருக்கு வாட்டைக் கூட்டிக் கொடுத்தால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் பருத்தி ரகங்களைத் தந்துகொண்டிருக்கும் ஊர் கோவில்பட்டி, பஞ்சுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. தடிமனான பஞ்சு மெத்தை இரண்டைத் துணி உறையோடு பக்கச் சுவர்களில், ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே மாட்டி, தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தால் பேச்சு தெளிந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் மட்டும் மெத்தை வேண்டாம்.

செட்டு முடிந்ததும் என்ன போட்டுக் காட்டுகிறீர்கள் என்பதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லாக் கடையிலும் அடிச்சத்தம் அதிரும் டெஸ்ட் பாட்டுத்தான். நெஞ்சு குலுங்கும், வாங்குகிறவர் மயங்குவார். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் யோக்கியதை நடுச்சுருதியில்தான் தெரியும். நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் நம் கோவில்பட்டியில் குடியிருந்தவர். 1964-ல் மறைந்தார். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவருடைய நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் மாறி மாறி வரும் பாட்டைப் போடுங்கள். நாகஸ்வரத்துக்கு மைக்கே தேவையில்லை, அத்தனை வீச்சு. அந்த வீச்சில் குரல் எது, சீவாளியின் சத்தம் எது என்று பிரிந்து கேட்டால் உங்கள் செட்டு நல்ல செட்டு. இரண்டும் குழம்பி, காதில் குத்தினால் திரும்பப் பிரியுங்கள். இடைசெவலும் விளாத்திகுளமும் பெரிய பெரிய ரசிகர்களை வளர்த்த பூமி. இந்தப் பக்கத்துக் காதுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எத்தனை கிராம், உள்ளே என்னென்ன என்று அச்சடித்திருக்கிறது. சில ரூபாய் மிட்டாய்க்கு இருக்கும் அந்தச் சீட்டு, பல ஆயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கு இல்லை. ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை விஏ, செம்பா அலுமினியமா. 8 ஓமில் எல்லாச் சேனலும் ஓடும்போது ஆர்எம்எஸ் எத்தனை வாட். 4 ஓம் இணைக்கலாமா கூடாதா. டிசி புரொடெக்‌ஷன் இருக்கிறதா. உங்கள் கடைப் பெயர், தேதி. முகப்பில் 1000 என்று போட்ட பெட்டியின் அடியில் 30 என்று எழுத முதலில் கூச்சமாக இருக்கும். முகப்பு ஸ்டிக்கரை எடுத்துவிட்டால் கூச்சமும் போய்விடும்.

அளக்கக் கருவி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசதியான இடத்தில் கூடுவோம். ஆளுக்கொரு செட்டைக் கொண்டு வாருங்கள். 8 ஓம், 200 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர்கள் ஐந்து, ஆசிலாஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், மீட்டர் எல்லாம் என்னுடையவை இருக்கின்றன. 1000 ஹெர்ட்ஸ் கொடுத்து, அலையின் தலை வெட்டுப்படத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஏசி வோல்ட்டை அளப்போம். 20 வோல்ட் காட்டினால் 400-ஐ 8-ஆல் வகுத்து 50 வாட். முதலில் ஒரு சேனல், பிறகு எல்லாச் சேனலும். கிடைத்த எண்ணை அங்கேயே சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், அடியில் வைக்க ஆளுக்கு இரண்டு செங்கல் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தொழிலாளி ஒருவன்,
கோவில்பட்டி.